கந்தல் செய்த குற்றம் என்ன?

ஐப்பசி மழை வெளுத்து வாங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவசரக் கூட்டம். மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் இறங்கி, மூன்றாவது மாடி வீடு ஒன்றின் ஹாலில் கொட்டிக்கொண்டிருந்தது. சொட்டவில்லை, கொட்டியது. அந்த வீட்டம்மா அண்டா, குண்டான், குக்கர் என்று இருக்கிற பாத்திரத்தையெல்லாம் ஹாலில் பரப்பி வைத்துவிட்டுக் கூட்டத்துக்கு வந்திருந்தார். கட்டடத்துக்கு வயது ஏழுதான்.

சங்கத்தின் செயலாளர் ரிட்டயர்டு வங்கி அதிகாரி. எழுந்து நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தீர்ப்பு சொன்னார்: "ஷாடி ஒர்க் சார். அட்டர்லி ஷாடி!"

எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான். ஆனால் அவர் அதைச் சொல்லும்போது யாரைப் பார்த்துச் சொன்னார் என்பதுதான் விஷயம். ஒழுகலை வந்து பார்க்கும்படி கூப்பிட்டு அனுப்பியிருந்த மேஸ்திரி, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். ஏழு வருடத்துக்கு முன்னால் இந்தக் கட்டடத்துக்குப் பூச்சு வேலை செய்தவர்களில் அவரும் ஒருவர். செயலாளரின் விரல் நீண்டது அவர் பக்கம்.

மேஸ்திரிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் எந்த மொழியில் திட்டினாலும், திட்டு வாங்குகிறவனுக்குப் புரிந்துவிடும். "சார், அவங்க எத்தினி மூட்டை எறக்குனாங்களோ அதை வெச்சித்தான் சார் கலவை போட்டோம்" என்றார்.

அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேச்சு வாட்டர் புரூஃபிங் கொட்டேஷனுக்குத் தாவிவிட்டது.

எனக்கு மட்டும் அந்த 'ஷாடி' அன்று ராத்திரி முழுக்க மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. நம் ஆங்கிலப் பத்திரிகைகளுக்குச் செல்லமான வார்த்தை இது. போட்ட மறுமாதமே பெயர்ந்துபோகிற தார் ரோடா? ஷாடி. பாலத்தில் விரிசலா? ஷாடி. போலீஸ் விசாரணை சொதப்பலா? அதுவும் ஷாடிதான். அகராதியைப் புரட்டினால் மட்டமான, தரமற்ற, போலியான என்று பொருள் போட்டிருக்கும். இதெல்லாம் அந்த வார்த்தையின் பிற்கால வாழ்க்கை. பிறக்கும்போது அது வசவே இல்லை. பெயரடை கூட இல்லை. ஒரு பொருளின் பெயர். அந்தப் பொருளை ஓர் ஊரே பெருமையாகச் செய்து விற்றுக்கொண்டிருந்தது.

ஊர் பேட்லி. இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயரில் இருக்கிறது. பக்கத்து ஊர் ட்யூஸ்பரி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் நெப்போலியனோடு சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கம்பளிக்குத் தட்டுப்பாடு, விலையோ எக்கச்சக்கம். குளிர்நாட்டில் கம்பளி என்பது நமக்கு அரிசி மாதிரி. விலை ஏறினால் ஏழை வீட்டில்தான் முதலில் இடி விழும்.

அந்தக் காலத்தில் பருத்தி, லினன் கந்தல்களுக்கு ஒரு மதிப்பு இருந்தது. காகித மில்லுக்குப் போகும். கம்பளிக் கந்தல் காகிதத்துக்கு ஆகாது. அதை அரைத்துக் குதிரைச் சேணத்துக்குள் அடைப்பார்கள், மிஞ்சினால் வயலில் எருவாகப் போடுவார்கள். பேட்லிக்காரர் பெஞ்சமின் லா என்பவர் 1813 வாக்கில் இதை வேறு விதமாக யோசித்தார். சேணத்துக்குள் அடைக்கிற பஞ்சு ஏற்கனவே ஒருமுறை நூலாக இருந்ததுதானே, திரும்பவும் ஏன் நூலாக்கக் கூடாது? பழைய காலுறை, கிழிந்த ஸ்வெட்டர், நைந்துபோன ஃப்ளானல் எல்லாவற்றையும் பிய்த்து இழையாக்கி, கொஞ்சம் புதுக் கம்பளியைக் கலந்து திரித்து நெய்தார். துணி வந்துவிட்டது.

அந்த இழைக்குத்தான் ஷாடி என்று பெயர். பெயர் எப்படி வந்தது என்பதில் அகராதிக்காரர்களுக்குள் இன்னும் முடிவான பதில் இல்லை. 'உதிர்தல்' என்று பொருள்படும் ஒரு பழைய சொல்லிலிருந்து வந்திருக்கலாம், நெசவில் உதிர்ந்து விழுகிற கழிவை அப்படிக் கூப்பிட்டிருப்பார்கள் என்பது ஓர் ஊகம்.

கொஞ்ச காலம் கழித்து இன்னும் முரட்டுக் கந்தல்களையும், பழைய கோட்டு, தையல் கடை வெட்டுத்துண்டு போன்றவற்றையும் பிய்க்கக் கற்றுக்கொண்டார்கள். அதற்கு 'மங்கோ' என்று பெயர். இதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். "இது போகாது" என்று ஃபோர்மன் சொல்ல, முதலாளி "இட் மன் கோ", அதாவது "போயே ஆகணும்" என்று அந்த ஊர் வட்டார வழக்கில் உறுமினாராம். அதுவே பெயராகிவிட்டதாம். நிரூபணம் கிடையாது. ஆனால் எந்த ஊர் முதலாளியும் சொல்லக்கூடிய வசனம்தான்.

ஷாடி எப்படிச் செய்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால்தான் அநியாயம் எங்கே நடந்தது என்பது விளங்கும்.

முதலில் கந்தல் மூட்டைகளைப் பிரித்துக் கொட்டுவார்கள். ஐரோப்பா முழுவதிலுமிருந்து வந்த மூட்டைகள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ரகம் ரகமாக, நிறம் நிறமாகப் பிரிப்பார்கள். பொத்தான், கொக்கி, தையல் எல்லாம் வெட்டி எடுக்க வேண்டும். பிறகு எண்ணெய் தெளித்து ஓர் இயந்திரத்துக்குள் விடுவார்கள். உள்ளே பல் பல்லாக முள் பதித்த உருளை அசுர வேகத்தில் சுற்றும். துணி உள்ளே போகும், பஞ்சு வெளியே வரும். அந்த மெஷினுக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் டெவில், பிசாசு. அது கக்குகிற தூசிக்குப் பிசாசுத் தூசி. அந்தத் தூசியைச் சுவாசித்து வருகிற காய்ச்சலுக்கும் இருமலுக்கும் ஷாடி காய்ச்சல் என்றே தனிப் பெயர் இருந்தது.

ஆட்டின் மேலிருந்து கத்தரித்த புதுக் கம்பளி இழை நீளமானது. பிசாசு பிய்த்துப் போட்ட இழை குட்டை. குட்டை இழையை மட்டும் வைத்துத் திரித்தால் நூல் பொசுக்கென்று அறுந்துவிடும். அதனால்தான் புதுக் கம்பளி கலப்பது. எவ்வளவு கலக்கிறோம் என்பதில் இருக்கிறது சூட்சுமம். இட்லிக்கு உளுந்து போடுகிற மாதிரி. உளுந்தைச் சரியாகப் போட்டால் பூ மாதிரி இட்லி வரும். உளுந்தில் கை வைத்தால் கல். கல் இட்லி வந்ததற்கு அரிசியையா திட்டுவோம்?

கம்பளிக்கு இன்னொரு குணமும் உண்டு. ஈரத்தில் போட்டு அடித்து மிதித்தால் இழைகள் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு துணி தடித்துவிடும். குட்டை இழைகள் இடுக்குகளில் போய் அடைத்துக்கொள்ளும். கடைசியில் பளபளவென்று, கனமாக, பார்க்க முதல் தரக் கம்பளி மாதிரியே இருக்கும். உள்ளே எத்தனை பங்கு புதுசு, எத்தனை பங்கு பழசு என்பது வாங்குகிறவனுக்குத் தெரியாது. செய்தவனுக்கும் விற்றவனுக்கும்தான் தெரியும். பூச்சுக்குப் பின்னாலிருக்கிற கலவை மாதிரி!

ஒழுங்காகச் செய்த ஷாடி நன்றாகவே உழைத்தது. புதுக் கம்பளிக் கோட்டைக் கனவில் மட்டும் பார்த்தவர்களுக்கு முதன்முறையாகக் கட்டுப்படியாகிற விலையில் கனமான கோட்டும் போர்வையும் கிடைத்தன. 1860-ல் சாமுவேல் ஜப் என்கிற உள்ளூர்க்காரர் 'ஷாடி வணிகத்தின் வரலாறு' என்று ஒரு புத்தகமே எழுதினார். வசவாக இருந்தால் அதை அட்டையில் பெரிய எழுத்தில் போட்டுப் புத்தகம் எழுதுவாரா மனுஷன்?

முதலாளிகளைத் தியாகி ஆக்குவதாக நினைக்க வேண்டாம். பேட்லியில் பணம் பண்ணியவர்கள் பண்ணினார்கள், தூசி தின்றவர்கள் தின்றார்கள். கந்தல் பிரிக்கும் பெண்களின் வேலையைப் பற்றி கார்ல் மார்க்ஸ் 'மூலதன'த்தின் முதல் பாகத்தில் எழுதியிருக்கிறார். மிகக் கேவலமான, மிகக் குறைந்த கூலி தரும் வேலைகளில் அதுவும் ஒன்று என்று. கந்தலோடு அம்மையும் ஊர் ஊராகப் போனது. முதலில் விழுந்தவர்கள் அந்தப் பெண்கள்தான்.

போலியாக விற்றவர்கள் இங்கிலாந்திலும் இருந்தார்கள். 1842-ல் ஃபெராண்ட் என்கிற எம்.பி., மில் முதலாளிகளின் பரம வைரி, பிசாசுத் தூசி கலந்த துணி என்று ஒன்றைக் கொண்டுவந்து நாடாளுமன்றத்திலேயே டர்ரென்று கிழித்துக் காட்டினார். நம் சட்டசபைகளில் மைக்கைப் பிடுங்கி எறிகிறார்களே, அதைவிட உருப்படியான காரியம். ஆனாலும் ஷாடி என்ற வார்த்தை அப்போதும் கெட்டுப் போகவில்லை. அதைக் கெடுக்க ஒரு யுத்தம் வர வேண்டியிருந்தது.

1861 ஏப்ரல். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வெடித்தது. ஜனாதிபதி லிங்கன் 75,000 தொண்டர்படை வீரர்கள் வேண்டும் என்று அழைப்பு விட்டார். ஆட்கள் வந்தார்கள். சட்டை? கையிருப்பில் சீருடையும் இல்லை, நெய்து வைத்த ராணுவத் துணியும் போதவில்லை. அவசரம். அவசரம் என்ற வார்த்தையைக் கேட்டால் கான்ட்ராக்டர்களுக்கு எச்சில் ஊறும். அன்றைக்கும் இன்றைக்கும் அதில் மாற்றமில்லை.

நியூயார்க் மாநிலம் 12,000 சீருடைகளுக்கு ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கம்பெனியிடம் ஆர்டர் கொடுத்தது. தெருக்கோடி டெய்லர் கடை இல்லை. 1818-ல் ஆரம்பித்த, பெரிய மனிதர்களுக்கெல்லாம் கோட்டு தைத்த கம்பெனி. நல்ல துணி கிடைக்காததால் மட்ட ரக ஷாடித் துணியில் தைத்துக் கொடுத்தார்கள். போட்டுக்கொண்டு போன நியூயார்க் பையன்கள் மழையில் நனைந்தார்கள், சீருடை நைந்து தொங்கியது. சிலதில் பொத்தான் இல்லை, சிலதில் பொத்தான் துளை இல்லை. மற்ற ரெஜிமென்ட்காரர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். பத்திரிகைகள் கிழி கிழியென்று கிழித்தன. சட்டை கிழிந்த மாதிரியே! விசாரணை நடந்து, கடைசியில் 2,000-க்கும் மேற்பட்ட சீருடைகளைக் கம்பெனி தன் செலவில் மாற்றிக் கொடுத்தது.

இவர்கள் ஒருவர் மட்டுமில்லை. படையெடுத்து வந்த மாதிரி கான்ட்ராக்டர்கள். அந்தச் சமயத்தில் ஷாடி என்ற பெயரில் ராணுவத்துக்குப் போன மிக மோசமான சரக்கை பேட்லிக்காரன் பார்த்திருந்தால் துணி என்றே ஒப்புக்கொண்டிருக்க மாட்டான். தையல் கடையில் கூட்டிப் பெருக்கிய குப்பையை அழுத்தி, பசை போட்டு ஒட்டித் துணி மாதிரிக் காட்டினார்கள் என்று அக்காலப் பத்திரிகைகள் எழுதின. இதைத் தவிர முதல் மழைக்கே வாய் பிளந்த பூட்ஸ்கள், கெட்டுப்போன இறைச்சி, நொண்டிக் குதிரை என்று தனிப் பட்டியல் உண்டு.

இத்தனையையும் சேர்த்து ஜனங்கள் ஒரு பெயரைத் தேடினார்கள். அகப்பட்டது ஷாடி. திடீர்ப் பணக்காரக் கான்ட்ராக்டர்களுக்கு 'ஷாடி பிரபுக்கள்' என்று பட்டம். 1863-ல் ஹென்றி மார்ஃபோர்ட் என்பவர் 'ஷாடியின் நாட்கள்' என்று ஒரு நாவலே எழுதினார். 1862 வாக்கில் அது பெயரடையாகிவிட்டது. ஷாடி பூட்ஸ், ஷாடி ஆட்கள், ஷாடி வேலை. கம்பளியோடு சம்பந்தமே இல்லாத சரக்குக்கெல்லாம் ஒட்டிக்கொண்டது. அப்படியே அட்லாண்டிக்கைத் தாண்டி பிறந்த ஊருக்கே வசவாகத் திரும்பி வந்தது.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

நடந்த குற்றம் என்ன? பேரம் பேசியது ஒரு தரத்துக்கு, கொடுத்தது வேறு தரம். அதைக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டு வாங்கியவர்களும் இருந்தார்கள். இதற்குப் பெயர் வைப்பதாக இருந்தால் யார் பெயரை வைத்திருக்க வேண்டும்? கொடுத்தவர் பெயரை, வாங்கியவர் பெயரை. போர் மந்திரியாக இருந்த சைமன் கேமரன் மேல் கான்ட்ராக்ட் விவகாரங்களில் அத்தனை புகார். நாடாளுமன்றக் கீழ்சபை 1862-ல் அவரைக் கண்டித்துத் தீர்மானமே போட்டது. அதற்குள் அவர் எங்கே இருந்தார் தெரியுமா? லிங்கன் அவரை ஜனவரியிலேயே பதவியிலிருந்து கழற்றி ரஷ்யாவுக்குத் தூதராக நியமித்துவிட்டார். (நம் ஊரில் கவர்னர் ஆக்குவோம்.) ஆங்கில அகராதியில் 'கேமரன்' என்று ஒரு பெயரடை இல்லை. ப்ரூக்ஸ் பிரதர்ஸ் என்பதும் பெயரடை ஆகவில்லை. அது கௌரவமான பெயராகவே நீடித்தது. 1865-ல் லிங்கன் சுடப்பட்டபோது போட்டிருந்த கோட்டு அந்தக் கம்பெனி தைத்ததுதான். 2020-ல் திவால் மனு கொடுத்தபோது கூட உலகப் பத்திரிகைகள் உச்சுக் கொட்டி எழுதின.

வசவாக மிஞ்சியது எது? கந்தல்.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கா சட்டம் போடாமல் இல்லை. 1863 மார்ச்சில், அரசாங்கத்துக்குப் பொய்க் கணக்குக் காட்டிப் பணம் வாங்குகிறவர்களைத் தண்டிக்க ஒரு சட்டம் வந்தது. ஏமாற்றியதைப் போல இரண்டு மடங்கு கட்ட வேண்டும், மேலே 2,000 டாலர் அபராதம். துப்புக் கொடுத்து வழக்குப் போட்ட சாதாரண ஆளுக்கு வசூலில் பாதி. லிங்கன் சட்டம் என்று இன்றும் கூப்பிடுகிறார்கள். திருத்தங்களோடு இன்றும் அமலில் இருக்கிறது. சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது, குற்றவாளி கம்பளி இல்லை என்று. மொழிக்குத்தான் தெரியவில்லை.

மொழிக்கு இது பழக்கதோஷம். இங்கிலீஷில் 'டாட்ரி' என்று ஒரு சொல், மினுக்கலான மட்டச் சரக்கு என்று அர்த்தம். ஈலி என்ற ஊரில் செயின்ட் ஆட்ரி பெயரால் நடந்த சந்தையில் கிராமத்துப் பெண்கள் ஆசையாக வாங்கிக் கழுத்தில் கட்டிக்கொண்ட பட்டு நாடாவின் பெயர் அது. ஒரு புனிதவதியின் பெயரே தேய்ந்து வசவாகிவிட்டது. 'ப்ரம்மஜம்' என்றால் போலி நகை மாதிரி எதுவும். பர்மிங்ஹாம் ஊர்ப் பெயரின் நாட்டுப்புற உச்சரிப்பு! அந்த ஊரில் கள்ள நாணயம் அடித்தவர்கள் சிலர், பட்டப்பெயர் ஊருக்கு. ஏழை போட்டுக்கொண்டது, ஏழை செய்தது, ஏழை வசித்தது, இந்த மூன்றிலிருந்தும் வசவு தயாரிப்பது ரொம்ப சுலபம். எதிர்த்துக் கேஸ் போட ஆள் வராது.

நாம் மட்டும் யோக்கியமா? சேரி என்றால் மக்கள் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். அதை 'சேரித்தனம்', 'சேரி பாஷை' என்று வசவாக்கியது யார்? சேரியில் இருந்தவர்கள் இல்லை.

"என்ன சார், ஒரு வார்த்தைக்குப் போய் இவ்வளவா? மொழி என்றால் அர்த்தம் மாறத்தான் செய்யும்" என்று நீங்கள் சொல்லலாம். மாறட்டும், வேண்டாமென்று சொல்ல நான் யார்? ஆனால் மாறும்போது யாருக்கு லாபம் என்று பார்க்கக் கூடாதா? ஒரு வேடிக்கை சொல்கிறேன். அமெரிக்காவில் 1940-ல் கம்பளிக்கு லேபிள் சட்டம் வந்தது. கந்தலிலிருந்து எடுத்த இழை கலந்திருந்தால் 'மறுமுறை பதப்படுத்தியது' என்றோ 'ஏற்கனவே பயன்படுத்தியது' என்றோ துணியிலேயே எழுத வேண்டும். யார் தொடுவார்கள்? எச்சில் இலை என்று எழுதி வைத்துச் சாப்பாடு போடுகிற மாதிரி. 1980-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த இரண்டு வார்த்தையையும் தூக்கிவிட்டு ஒரே வார்த்தை போட்டார்கள். ரீசைக்கிள்ட் வுல்.

அவ்வளவுதான், கந்தலுக்கு மோட்சம் கிடைத்துவிட்டது! இத்தாலியில் ப்ராட்டோ என்ற ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே பேட்லிக்காரர்கள் செய்த அதே காரியத்தைச் செய்கிறார்கள். அங்கிருந்து வருகிற கம்பளி இன்று பெரிய பிராண்டுகளின் ஜாக்கெட்டில் பச்சை நிற அட்டையோடு தொங்குகிறது. பூமியைக் காப்பாற்றுகிறது என்று எழுதியிருக்கிறார்கள். விலையைப் பார்த்தால் பூமியை விலைக்கே வாங்கலாம். பேட்லி ஏழை போர்த்தினால் ஷாடி, நியூயார்க் பணக்காரர் போர்த்தினால் ரீசைக்கிள்ட். இழை ஒன்றுதான். குட்டை இழை, பிசாசு பிய்த்த இழை.

இந்தியாவிலும் ஒரு பேட்லி இருக்கிறது. ஹரியானாவில் பானிபட். சரித்திரப் பாடத்தில் மூன்று யுத்தம் நடந்த ஊராக மனப்பாடம் செய்திருப்பீர்கள். உலகம் கழித்துப் போட்ட கம்பளித் துணிகள் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்கின. அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டுவிடக் கூடாது என்பதற்காகத் துணியைக் குறுக்கே வெட்டிச் சிதைத்துத்தான் இறக்குமதி செய்ய வேண்டும் என்பது விதி. பெண்கள் உட்கார்ந்து பிரிக்கிறார்கள். சிவப்பு ஒரு மலை, நீலம் ஒரு மலை. நிறவாரியாகப் பிரித்துவிட்டால் சாயமே போட வேண்டாம், நூல் அதே நிறத்தில் வந்துவிடும். அதில் நெய்த போர்வைகள்தான் பல வருடங்களாக உலகத்தில் எங்கே பூகம்பம், எங்கே அகதி முகாம் என்றாலும் நிவாரண மூட்டைக்குள் போயின. பிறகு சீனாவிலிருந்தும் உள்ளூரிலிருந்தும் மலிவான பாலியஸ்டர் போர்வை வந்து அந்தத் தொழிலையும் அசைத்துப் பார்த்துவிட்டது. அது தனிக் கதை.

பானிபட் பெண்களைப் பற்றி 2012-ல் மேக்னா குப்தா என்பவர் 'அன்ராவல்' என்று ஒரு சின்ன டாக்குமென்டரி எடுத்தார். அதில் அந்தப் பெண்கள் மூட்டையைப் பிரித்துக்கொண்டே பேசிக்கொள்கிறார்கள். இவ்வளவு நல்ல துணியை, ஓரிரு தடவைதான் போட்டிருப்பார்கள் போல, ஏன் இப்படித் தூக்கி எறிகிறார்கள்? அவர்களுக்குள் உலவும் ஒரு பதில்: அந்த ஊர்களில் தண்ணீர் ரொம்ப விலை போலிருக்கிறது, துவைக்கிற செலவுக்குப் பதில் புதுசே வாங்கிவிடுகிறார்கள்.

கந்தையைக் கசக்கிக் கட்டிப் பழகியவர்களுக்கு வேறு காரணம் தோன்றாதுதான். வாங்கி, இரண்டு முறை போட்டு, எறிகிற மாதிரியே தைத்து விற்கிற கம்பெனிகள் இருக்கின்றனவே, நியாயமாகப் பார்த்தால் அந்தத் துணி அல்லவா ஷாடி? அதற்கு அழகாக 'ஃபாஸ்ட் ஃபேஷன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எறிந்ததை எடுத்து மறுபடி போர்வையாக்குகிறவளின் சரக்குக்குத்தான் பழைய வசவு.

முதல் உலகப் போரின்போது என்ன நடந்தது தெரியுமா? போர்முனையிலிருந்து கிழிந்த, ரத்தம் தோய்ந்த சீருடைகள் ட்யூஸ்பரிக்கு மூட்டையாக வந்தன. பிசாசுக்குள் போயின. காக்கித் துணியாகவும் போர்வையாகவும் திரும்பப் போர்முனைக்கே போயின. சரியான அளவில் புதுக் கம்பளி கலந்து, அளவைச் சரிபார்க்க ஆள் வைத்துச் செய்த ஷாடி. 1861-லும் கந்தல்தான், 1914-லும் கந்தல்தான். நடுவில் மாறியது மேற்பார்வை.

எங்கள் குடியிருப்புக்குத் திரும்பி வருகிறேன். அடுத்த ஞாயிறு செயலாளர் ஒரு கடிதம் தயார் செய்து எல்லோரிடமும் காட்டினார். கட்டியவருக்கு அனுப்ப. நல்ல இங்கிலீஷ். இரண்டாவது பாராவில் 'ஷாடி ஒர்க்மன்ஷிப்' என்று இருந்தது, அதாவது வேலைக்காரர்களின் கைவேலை மட்டம். "இதை எடுத்துடலாம் சார். கலவையில் சிமென்ட் குறைச்சலுன்னு இன்ஜினீயர் ரிப்போர்ட்லயே இருக்கு. யார் குறைச்சாங்களோ அவங்க பேரைப் போட்டு, நீங்க குறைச்சீங்கன்னு எழுதலாமே" என்றேன்.

செயலாளர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பேரைப் போட்டா அவர் கோர்ட்டுக்குப் போயிடுவார் சார். நமக்கெதுக்கு வம்பு?" என்றார்.

கடிதம் திங்கட்கிழமை ஸ்பீட் போஸ்ட்டில் போனது. இரண்டாவது பாரா அப்படியேதான் இருந்தது. மேஸ்திரி மொட்டை மாடியில் பழைய பூச்சைக் கொத்திக்கொண்டிருந்தார். இந்த முறை எத்தனை மூட்டை என்று அவரே கேட்டு வாங்கினார்.